புழுதி விதைப்பு

புரட்டாசி பிறந்துவிட்டால் பரமக்குடி விதைக்கடைக்கு ஒரு நடை போய் வராமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஆடிப்பட்டம். எங்கள் இளையான்குடிப் பக்கத்துக்கு ஆடி என்றால் காற்றும் புழுதியும்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிய சீமை இது. கண்மாய் தண்ணீர் முகம் பார்ப்பதே ஐப்பசிக்குப் பிறகு. அதனால் வயலுக்கானாலும் வீட்டுக் கொல்லைக்கானாலும் புரட்டாசிதான் விதைக்கு மாதம்.

கடைக்குள் கால் வைத்ததும் சாக்கும் பூச்சிமருந்தும் கலந்த வாடை அடிக்கும். சுவரோரம் கம்பியில் கோத்த பொட்டலங்கள் தொங்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பா டப்பாவாக உதிரி விதைகள். மருந்து பூசிய வெண்டை விதை இளஞ்சிவப்பாக இருக்கும். அரைக்கீரை விதை கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, விரலில் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். புடலை விதை முரடு, ஓரமெல்லாம் கடித்துவிட்ட மாதிரி. பொட்டலத்தின் முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் படிப்பேன். ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன். விதைச் சட்டம் 1966ஆம் ஆண்டு வந்தது. அதன் கீழ் வகுத்த தர அளவுகளின்படி வெண்டைக்குக் குறைந்தபட்சம் 65 சதவீதம் முளைத்தால் போதும். கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60. நூறு வெண்டை விதையில் முப்பத்தைந்து கிளம்பாமலே போகலாம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறது. கிளம்பப்போகிற அறுபத்தைந்து எவை என்று கடைக்காரருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் மனசில் ஒரு மரியாதை வரும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற பொருளில், 'இதற்கு மேல் எங்கள் கையில் இல்லை' என்று அச்சடித்துத் தருகிற பொருள் வேறு எது?

போன வருஷம் இந்த நேரத்தில் என் சின்னம்மா மகள் வந்திருந்தாள். வாங்கி வந்த பொட்டலங்களை நான் தாழ்வாரத்தில் பரப்பி, எது இந்த வாரம், எது மழைக்குப் பிறகு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "அக்கா, இந்த வயசுல இன்னும் இது என்ன ஆசை? கண்ணு தெரியிற வரைக்கும் ஓதிக்கிட்டு இருக்கலாம்ல. துன்யாவுல மனசு ஒட்டிக்கிட்டா பெறகு பிரிக்கிறது கஷ்டம்."

அவள் குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை. மாப்பிள்ளையை இழந்த பிறகு தஸ்பீஹும் கையுமாக இருக்கிறவள். எனக்கு நல்லது நினைத்துத்தான் கேட்டாள். அதனாலேயே அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. விதை வாங்குவதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் உண்மையானது. கடையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது மடியில் பையை வைத்து உள்ளே கையைவிட்டுத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது. இது ஆசையா? ஆசை என்றால், விட வேண்டிய ஆசையா? பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகத் தமிழ்ப் பாடம் நடத்தினவள் நான். மார்க்கக் கல்வியில் ஆலிமா இல்லை. ஆனாலும் கேள்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றது என்பதால் நானே யோசித்தாக வேண்டியிருந்தது.

மஃரிபுக்குப் பிறகு சூரத்துல் வாகிஆ ஓதுவது எங்கள் வீடுகளில் சின்ன வயதிலிருந்து பழக்கம். அதன் நடுவில் ஓர் இடம் வரும். நீங்கள் விதைக்கிறீர்களே, அதை முளைக்க வைப்பது யார் என்று இறைவன் மனிதனைப் பார்த்துக் கேட்கிற இடம். சிறுமியாக இருந்தபோது அது எனக்கு அரபு ஓசையாக மட்டும் இருந்தது. பொருள் தெரிந்த பிறகும் நெடுங்காலம் அதை ஒரு கண்டிப்பாகத்தான் கேட்டேன். உன்னால் ஆவது ஒன்றுமில்லை, தலை நிமிராதே என்று. இப்போது அது எனக்குக் கண்டிப்பாகக் கேட்பதில்லை. ஒரு பெரிய சுமையை வாங்கி இறக்கி வைக்கிற குரலாகக் கேட்கிறது. அது எப்படி மாறியது என்று யோசித்தால், கொல்லையில்தான் மாறியது.

அவரை விதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்போ பழுப்போ, ஓர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தடித்து நிற்கும். நெற்றுக்குள் தாயோடு ஒட்டியிருந்த இடம் அது. இரவு தண்ணீரில் போட்டால் முதலில் விதை பெருப்பதில்லை. தோல் மட்டும் நீரை வாங்கிச் சுருக்கம் விழும். உள்ளே இருக்கிற பருப்பு இன்னும் அசையாமல் இருக்கும். விடியற்காலை சுபுஹுக்கு எழுந்து பார்க்கும்போது அந்தச் சுருக்கம் நிரம்பி, விதை வழவழவென்று இருமடங்கு ஆகியிருக்கும். அதை எடுத்து விரல் கணு ஆழத்துக்குக் குழி வைத்து, வெள்ளைக்கோடு பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கப்போட்டு மண்ணை மூடுவேன். குழிக்கு மூன்று. பிறகு பூவாளியால் தண்ணீர்.

அதோடு என் வேலை முடிந்தது. மண்ணுக்குள் வேர் முதலில் கீழே இறங்குவதை நான் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மேல்மண்ணில் ஒரு கீறல் விழும். அடுத்த நாள் அந்தக் கீறல் ஓர் ஓட்டைத் தூக்குவதுபோல் மண்பொருக்கைத் தூக்கி நிறுத்தும். அதற்கடியில் குனிந்த முதுகு ஒன்று தெரியும். தலை இன்னும் மண்ணுக்குள் இருக்கும். வளைந்த தண்டுதான் முட்டிக்கொண்டு வரும். பிஞ்சுத் தலையை முன்னே நீட்டினால் மண் உரசி நைந்துபோகும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? வெயில் பட்டதும் முதுகு நிமிர்ந்து, இரண்டு பருப்பையும் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். உரித்துப்போட்ட தோல் சில சமயம் ஒரு பருப்பின் நுனியில் தொப்பியாக மாட்டியிருக்கும். அதை எடுத்துவிடக் கை பரபரக்கும். எடுக்கமாட்டேன். அதுவே விழும்.

இந்த நாலு நாள்தான் என் யோசனைக்கெல்லாம் அடிப்படை. பிள்ளை வளர்த்தேன், அவன் நன்றாக வந்ததில் என் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு, அல்லாஹ்வின் நாட்டம் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாது. பாடம் நடத்தினேன், தேறின பிள்ளைகளை நானே தேற்றினதாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன், தவறினவர்களுக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறேன். வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றிலும் நம் கை எங்கே முடிகிறது என்பது கலங்கலாகவே இருக்கிறது. விதையில் மட்டும் அந்த எல்லை தெளிவாகத் தெரிகிறது. மண்ணை மூடிக் கையைத் தட்டிவிட்ட அந்த நிமிஷத்தில் என் பாத்தியதை முடிந்துவிடுகிறது. கடைக்காரர் விதையைத் தரம் பிரிக்கலாம், உலர்த்தலாம், மருந்து பூசலாம். நான் ஊறவைக்கலாம், எரு போடலாம். வித்தையும் கொட்டையையும் பிளக்கிறவன் என்று குர்ஆன் வேறோர் இடத்தில் யாரைச் சொல்கிறதோ, அவனுடைய வேலை அதற்குப் பிறகு. அந்த வேலை நடக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில், வாளியும் கையுமாக நிற்கக் கிடைக்கிறதே, அதுதான் எனக்குச் சந்தோஷம். என் சின்னம்மா மகள் நினைத்த ஆசைக்கு 'என்னுடையது' என்ற பிடி வேண்டும். இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

நன்னிமா, அதாவது என் பாட்டி, இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். பிஸ்மில்லா சொல்லி விதையைப் போடுவார்கள். போட்ட குழியை நாங்கள் கிண்டிப் பார்த்தால் மட்டும் கோபம் வரும். "போட்டாச்சுல்ல, வா இங்கிட்டு" என்பார்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவிவிட்டு, பாத்தியைச் சுற்றிலும் நொய்யைத் தூவுவார்கள். எறும்பு வந்தால் விதையைத் தூக்குமுன் நொய்யைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று. எறும்புக்கு மருந்து அடிக்கலாம் என்று அத்தா ஒருமுறை சொன்னதற்கு, அதுக்கும் பசிதானே என்று முடித்துவிட்டார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலோ விதைத்த பயிரிலோ பறவையோ மனிதனோ கால்நடையோ தின்றால் அது அவருக்குச் சதக்கா, தர்மம் என்கிற ஹதீஸை நான் புகாரியில் படித்தது பின்னாளில். நன்னிமா அதைக் கேட்டறிந்துதான் நொய் தூவினார்களா, மனசு அப்படியா என்று இப்போது கேட்க அவர்கள் இல்லை.

நன்னிமாவின் வயலில்தான் புழுதி விதைப்பைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நாற்றங்காலும் கிடையாது, நடவும் கிடையாது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த வயலை உழுது, பொடிமண்ணில் நெல்லை விதைத்து மூடிவிடுவார்கள். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. கால் வைத்தால் கணுக்கால் வரை புழுதி. அதற்குள் நெல் கிடக்கும், மழை வரும்வரை. வந்தால் வெள்ளாமை. தூறலாக வந்து ஏமாற்றிவிட்டுப் போனால் முளைத்தது கருகும். மறுபடி விதைக்க வேண்டும். இந்த ஜில்லாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருகிறார்கள்.

தவக்குல், அதாவது அல்லாஹ்வை நம்பி ஒப்படைப்பதைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் செய்தியை எல்லா ஹஜ்ரத்தும் சொல்வார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானது பேரீச்சை பற்றிய சம்பவம். மதீனாவாசிகள் ஆண்பாளையைக் கொண்டு பெண்பாளைக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பார்த்து, இது தேவையா என்கிற பொருள்பட நபியவர்கள் சொல்ல, அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் காய்ப்புக் குறைந்தது. அதைக் கேட்டதும் நபியவர்கள், உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்றாக அறிந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தோட்டக்காரனின் கைவேலையை இறைத்தூதரே அவனுக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. எனவே நம்பிக்கை என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பது இல்லை. உழுவது, நாள் பார்ப்பது, நல்ல விதை தேடுவது எல்லாம் நம் பங்கு. அந்தப் பங்கை முழுசாகச் செய்தவருக்குத்தான் மற்றதை ஒப்படைக்கிற யோக்கியதை வருகிறது என்று நினைக்கிறேன். புழுதியில் விதைத்தவர் மழைக்குக் கை ஏந்துகிறதில் ஒரு நியாயம் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒருவர் கீதை வகுப்புக்குப் போகிறவர். ஓய்வறையில் ஒருநாள் கேட்டார்: "பலனை எதிர்பார்க்காதேன்னு கண்ணன் சொல்றாரே டீச்சர், விவசாயி எப்படி எதிர்பார்க்காம விதைப்பான்? எதிர்பார்க்கலைன்னா எதுக்கு விதைக்கணும்?" நல்ல கேள்வி. இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகத்தை அதற்குப் பிறகு நானும் உரையோடு படித்தேன். செயலில்தான் உரிமை, பலனில் இல்லை என்கிறது. பலனை ஆசைப்படாமல் இருக்க என்னால் முடியாது. கத்தரி பூத்தால் காய்க்க வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் காய்த்தே ஆக வேண்டும் என்று யாரிடமும் வழக்குப் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆசைப்படலாம், உரிமை கொண்டாட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் குறுகல்தான். கொல்லையில் நிற்கிறவர் வேறு வழியில்லாமல் அந்தக் குறுகலில் நிற்கப் பழகுகிறார்.

இப்போது எங்கள் ஊர் நாயனாருக்கு வருகிறேன். இளையான்குடி என்றாலே சைவர்களுக்கு மாற நாயனார்தான். முஸ்லிம்கள் நிறைந்த ஊர் இது. ஆனாலும் பெரியபுராணத்தில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. சேக்கிழார் சொல்லும் கதை தெரிந்ததுதான். அடியார்க்குச் சோறிட்டே செல்வம் கரைந்து வறுமைப்பட்டுப்போன மாறனார் வீட்டுக்கு, மழை கொட்டும் இரவில் ஓர் அடியார் நனைந்து வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்துவிட்டு வந்த முளைநெல் மட்டும்தான் உலகத்தில் அவர்களுக்கு இருக்கிற நெல். அதை வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொன்னது மனைவி. இதை வகுப்பில் நான் அழுத்திச் சொல்லாமல் விட்டதில்லை. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழி தடவி வயலுக்குப் போகிறார். மழைநீரில் மிதந்து ஒதுங்கிக் கிடக்கிற முளைகளைக் கையால் கோலி எடுத்து வருகிறார். வாசலில் காத்திருந்த அம்மையார் வாங்கிச் சேற்றைக் கழுவுகிறார். விறகு இல்லை என்றதும் கூரையின் கொம்பை அறுத்துத் தருகிறார் கணவர். நெல் வறுபட்டுக் குத்தப்பட்டுச் சோறாகிறது. கறிக்குக் கொல்லையில் இன்னும் வளராத கீரையைப் பிடுங்கி வருகிறார். அந்த ஒன்றிலேயே பல கறி ஆக்கிவிடுகிறார் அந்த அம்மாள்.

விவசாயம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையின் கடுமை கூடுதலாகத் தெரியும். சேற்று வயலில் விதைக்கிற நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கண்ட பிறகுதான் விதைப்பார்கள். புழுதியில் கிடக்கும் நெல் மழைக்குக் காத்திருக்கும். முளை வந்த நெல் காத்திருக்காது. அதைத் திரும்பக் காயவைத்துக் குதிரில் போட்டுவைக்க வழியில்லை. உள்ளே மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கிவிட்டது, உயிர் கிளம்பிவிட்டது. அந்த நெல்லை வறுத்தால் அடுத்த வருஷத்தை வறுப்பதாகத்தான் அர்த்தம். விதைநெல்லைத் தின்னக்கூடாது என்பது உழவர் வீட்டில் எழுதாத சட்டம். பஞ்சத்திலும் அதைத் தொடாதவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தைத்தான் இவர்கள் இரவோடு இரவாக, முகம் தெரியாத ஒரு மனிதருக்காக உடைத்தார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒன்றைப் படித்தேன். ரஷ்யாவின் லெனின்கிராடு நகரில், நிக்கோலாய் வவிலோவ் என்ற விஞ்ஞானி உலகமெல்லாம் அலைந்து சேர்த்த விதைகளின் பெரும் சேமிப்பு இருந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி வரை நீடித்த அந்த முற்றுகையில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் மாண்டார்கள். விதைச் சேமிப்பில் வேலை பார்த்தவர்கள் கோதுமையும் நெல்லும் கடலையும் தங்களைச் சுற்றி அடுக்கியிருக்க, ஒரு பிடியைக்கூட எடுத்து வாயில் போடாமல் காவல் இருந்தார்கள். பலர் அங்கேயே பசியால் இறந்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாக இருந்த டிமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களைக் காத்தபடியே இறந்துபோனார். வவிலோவ் அப்போது அங்கே இல்லை. ஸ்டாலினின் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்திருந்தது. 1943இல் சரத்தோவ் சிறையில் அவரும் பட்டினியால்தான் இறந்தார்.

இளையான்குடியில் விதையைச் சமைத்தார்கள். லெனின்கிராடில் சமைக்காமல் செத்தார்கள். யார் செய்தது சரி? இந்தக் கேள்வியை நான் பல இரவுகள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். என் மனசு முதலில் நாயனார் பக்கம்தான் சாய்ந்தது. பசித்த முகம் வாசலில் நிற்கும்போது அடுத்த வருஷத்தைப் பேசுவது ஈரமில்லாத பேச்சு. லெனின்கிராடில் அந்தக் கட்டடத்துக்கு வெளியே குழந்தைகள் பசித்துக் கிடந்தார்களே, அந்த நெல்லைப் பொங்கினால் ஒரு வேளை ஆகியிருக்காதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்த ஒரு வேளைக்குப் பிறகு? ஒரு ரகம் அழிந்தால் அழிந்ததுதான். வறட்சி தாங்குகிறது, பூஞ்சை தாங்குகிறது, உவர் தாங்குகிறது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் இருந்தது இன்னும் பிறக்காத கோடிப் பேருடைய சாப்பாடு. அவர்களும் வாசலில் நிற்கிறவர்கள்தான், முகம் மட்டும் தெரியவில்லை.

கடைசியில் எனக்குப் பட்டது இது. மாறனாரும் அந்த அம்மையாரும், இவானோவும் அவர் கூட்டாளிகளும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கையில் இருந்த விதை தன்னுடையது என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. ஒருவர் வந்துவிட்ட விருந்தாளிக்குக் கொடுத்தார், மற்றவர் வரப்போகிற விருந்தாளிக்கு வைத்திருந்தார். தனக்கென்று ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே தின்றவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத்தான் நான் தவறு சொல்லுவேன். அவரையும் அந்தப் பசியில் கடுமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக் கொல்லையில் இதே கேள்வி சின்ன அளவில் வரும். கொடியில் முதலில் திரட்சியாக இறங்குகிற சுரைக்காயை விதைக்கு விடுவது எங்கள் வழக்கம். யாரும் அறுத்துவிடாமல் இருக்கக் காம்பில் ஒரு கிழிசல் துணியைக் கட்டிவிடுவேன். அது முற்றி, ஓடு மரமாகி, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும்வரை கொடியிலேயே காய வேண்டும். நல்ல காயை ஏன் மாமி விடுறீங்க, கடைசியில சூம்பிப்போய் வர்றதை விதைக்கு விடலாமே என்று மருமகள் கேட்பாள். நல்லதை விட்டால்தான் நல்லது வரும். ஒரு கார்த்திகை அடைமழையில் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். சந்தைக்குப் போக வழியில்லை. கொடியில் துணி கட்டின அந்த ஒரு காய்தான், இன்னும் பிஞ்சாக. மருமகள் அரிவாள்மனையோடு என்னைப் பார்த்தாள். அறு தாயி என்றேன். கடலைப்பருப்புப் போட்டு ஆணம் வைத்தோம். அந்தக் கொடியில் பிறகு உருப்படியாகக் காய் பிடிக்கவில்லை. மறு வருஷம் சுரை விதை எனக்கு எதிர்வீட்டிலிருந்து வந்தது, முன்னொரு காலம் நான் அவர்களுக்குக் கொடுத்த அதே விதையின் வழிவந்தது.

விதைக்கு வேறு வீடுதான் பத்திரமான இடம். நார்வேயில் துருவப்பகுதி மலைக்குள் குடைந்து 2008இல் திறந்த ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எதிர்வீடுதான் ஞாபகம் வரும். சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்த சர்வதேச ஆராய்ச்சி நிலையம் கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை விதைகளின் பிரதிகளை அங்கே அனுப்பி வைத்திருந்தது. உள்நாட்டுப் போரில் சொந்த இடத்துக்குப் போக முடியாமல் ஆனபோது, 2015இல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதல் முதலாக விதை திரும்ப எடுக்கப்பட்டது அவர்களுக்காகத்தான். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, மறுபடியும் ஒரு பங்கைப் பெட்டகத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில், 2018இல் காலமான நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவும் இதே வழிதான். பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கிப் போகிற விவசாயி மறு வருஷம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். முதலில் இதைக் கேட்டபோது எனக்கு உறுத்தியது. தானியத்துக்குத் தானியம் கூடுதலாக வாங்குவதை எங்கள் மார்க்கம் வட்டியின் கணக்கில் பார்க்கிறது. ஃபத்வா சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்தக் கூடுதல் 2 கிலோ கொடுத்தவரின் குதிருக்குப் போகவில்லை. அடுத்து வந்து நிற்கிற இன்னொரு விவசாயியின் கைக்குப் போனது. வாங்கினவர் கொடுத்தவருக்குக் கடன்படவில்லை, இனிமேல் வரப்போகிறவருக்குக் கடன்பட்டார். வட்டி என்பது இதற்கு நேர்மாறான திசையில் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால்தான் வீரிய ஒட்டு ரகங்களை நான் குறைத்துக்கொண்டேன். அவற்றைத் திட்டமாட்டேன்; நிறையக் காய்க்கின்றன, ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் தாயைப்போல் வருவதில்லை, பாட்டன் பூட்டன் குணமெல்லாம் பிரிந்து பிரிந்து வருகிறது. எதிர்வீட்டுக்கு நம்பிக்கையாக எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே கத்தரியும் அவரையும் முண்டு மிளகாயும் நாட்டு விதையாகவே வைத்திருக்கிறேன். கத்தரி செடியிலேயே மஞ்சளாகிப் பழுத்த பிறகு பறித்து, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் தங்குவதை எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவேன். நன்னிமா பொட்டலம் கட்டி அடுப்புப் பரணில் புகை படும்படி வைப்பார்கள். எனக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

சின்னம்மா மகளுக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சொன்னது ஒரு ஹதீஸ் மட்டும். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்தது: உலகம் முடிகிற கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்தில் உங்களில் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்பது அதன் கருத்து. அவளும் அதைக் கேட்டிருக்கிறாள். எல்லா ஜமாஅத்திலும் மரம் நடு விழாவில் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அதை நான் யோசித்துப் பார்த்தது வேறு மாதிரி. பேரீச்சை நட்டு வருஷங்கள் கழித்துக் காய்க்கிற மரம். அன்றைக்கோ மறுநாள் என்பதே கிடையாது. தின்ன மனிதன் இல்லை, பறவை இல்லை, சதக்காவாக எழுத அந்தப் பழமும் இல்லை. பலன் என்பதை அடியோடு எடுத்துவிட்ட பிறகும் நடச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தொழச் சொல்லவில்லை, ஓதச் சொல்லவில்லை. கையில் இருக்கிற வேலையை முடிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மனிதர் கையில் கன்று எப்படி வந்தது? வானம் பிளக்கிற அன்றைக்கு அவசரமாகத் தேடி எடுத்ததாக இருக்க முடியாது. தாய்மரத்தடியில் வேர்விட்ட கன்றை அவர் முந்தின நாளே பார்த்து வைத்திருப்பார். வேர் அறுபடாமல் கடப்பாரையால் நெம்பிப் பிரித்து, ஈரச்சாக்கில் சுற்றி, எந்த மூலையில் வைக்கலாம் என்று தோட்டத்தைச் சுற்றி வந்திருப்பார். குழி தோண்டி எருவும் போட்டிருப்பார். நல்ல ஜாதி என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் விலை பேசி வாங்கினதாகவும் இருக்கலாம். வாங்கிக்கொண்டு வரும் வழியில் அவர் மனசு நிறைந்துதான் இருந்திருக்கும்.